குழந்தைக்கு அறுவை சிகிச்சையா? மரப்பு ஊசிக்கு முன்னால் பெற்றோர் பார்க்க வேண்டியவை

குடலிறக்கம், விதைப்பைக்குள் விதை இறங்காமல் இருப்பது, சிறுநீர்த் துவாரம் இடம் மாறியிருப்பது, முன்தோல் இறுக்கம் என்று இடுப்புக்குக் கீழே அறுவை சிகிச்சை என்றால், குழந்தைக்கு மயக்கத்தோடு சேர்த்து முதுகின் அடிப்பகுதியில் ஒரு மரப்பு ஊசியும் போடுவது வழக்கம். எங்கள் மகனுக்குக் குடலிறக்கம் என்று தெரிந்ததும் மதுரையில் எந்த அறுவை மருத்துவர் நல்லவர் என்று சொல்ல ஊரே திரண்டு வந்தது. மயக்கம் கொடுப்பவர் யார், அவரிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. வராந்தாவில் நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் குழந்தையைப் பார்த்தவர் அவர்தான்.

1. எந்த ஊசி, எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்

பெரியவர்களுக்கு விழித்திருக்கும்போதே முதுகில் ஊசி போட்டு அறுவை செய்துவிடுகிறார்கள். குழந்தை அப்படி அசையாமல் படுத்திருக்காது. அதனால் முதலில் மயக்கம் கொடுத்துத் தூங்கவைத்து, பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, வால் எலும்புக்குச் சற்று மேலே உள்ள சிறு துளை வழியாக மருந்தைச் செலுத்துகிறார்கள். இதை ‘காடல்’ ஊசி என்பார்கள். வேறு சில அறுவைகளுக்கு இடுப்பு, தொடை, கை என்று அந்தந்த இடத்து நரம்புக்கு அருகில் ஸ்கேன் வைத்துப் பார்த்து ஊசி போடுவதும் உண்டு.

“மயக்கமும் கொடுத்து முதுகிலும் ஊசியா?” என்று வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். மரப்பு ஊசி போட்டால் மயக்க மருந்து குறைவாகப் போதும். கண் விழிக்கும்போது குழந்தை வலியில் அலறாது. வலிக்காகக் கொடுக்கும் கடுமையான மருந்துகளும் குறையும். தூங்கும் குழந்தைக்கு இந்த ஊசி போடுவது ஏற்கத்தக்க முறைதான் என்று ஐரோப்பிய, அமெரிக்க மயக்கவியல் சங்கங்கள் 2015-ல் கூட்டாகவே பரிந்துரைத்திருக்கின்றன. அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகள் சேர்ந்து திரட்டி 2018-ல் வெளியிட்ட கணக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகளில் ஒரு குழந்தைக்குக்கூட நிரந்தர நரம்புப் பாதிப்பு இல்லை. தற்காலிகப் பாதிப்பு பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பேருக்கு. மருந்து இரத்தத்தில் ஏறி நஞ்சானது பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால், அந்தச் சிலரில் பெரும்பாலோர் கைக்குழந்தைகள். பயப்பட வேண்டியதில்லை, ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை என்றால் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

மயக்கம் கொடுத்தால் மூளை மந்தமாகிவிடும் என்றும் யாராவது சொல்வார்கள். கைக்குழந்தைகளிடம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான மயக்கத்தையும், விழித்திருக்கும்போதே போட்ட மரப்பு ஊசியையும் ஒப்பிட்ட ஆய்வு 2019-ல் முடிந்தது. ஐந்து வயதில் பரிசோதித்தபோது இரு தரப்புக் குழந்தைகளுக்கும் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை.

2. காகிதங்களைத் தேதி குறிப்பதற்கு முன்பே சேருங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. வேண்டியவை குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் சேவைக் கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் மேசைகளைத் தாண்டி வர வேண்டும் என்பதால் ஒரு வாரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். பதிவு மையம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. ராஜாஜி அரசு மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு அது தொலைவு இல்லை.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பெற்றோர் பெயர் காப்பீட்டு அட்டையில் இருக்கும், குழந்தை பெயர் இருக்காது. குடும்ப அட்டையிலேயே சேர்க்காமல் விட்டிருப்பார்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கி, குடும்ப அட்டையில் பெயர் சேர்த்து, அதன்பின் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். பெயரின் முதலெழுத்து ஒரு காகிதத்தில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருந்தால்கூடக் கவுண்டரில் நிறுத்திவிடுகிறார்கள். ஐந்து வயதுக்குள் கிடைக்கும் நீல ஆதார் இருந்தால் வேலை சுலபம். திட்டமிட்டுச் செய்யும் அறுவைக்குக் காப்பீட்டு ஒப்புதல் முன்கூட்டியே வர வேண்டும். அறுவை முடிந்தபின் அட்டையை நீட்டிப் பயனில்லை. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தானே என்று அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், அங்கும் கேட்பார்கள்.

மருத்துவக் காகிதங்களில் முக்கியமானது, குழந்தை பிறந்தபோது மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாள். குறைமாதத்தில் பிறந்ததா, பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்ததா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். தடுப்பூசி அட்டை, பழைய இரத்தப் பரிசோதனைகள், இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் என்று யாராவது சொல்லி எக்கோ எடுத்திருந்தால் அந்த அறிக்கை, இவற்றையும் ஒரே பையில் போடுங்கள்.

3. செலவை எழுதி வாங்குங்கள்

தனியார் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் சொல்லும் தொகை பெரும்பாலும் அவருடைய கட்டணம்தான். அறுவை அரங்கு, மயக்க மருத்துவர், மருந்து, அறை ஆகியவை தனித்தனியாக வந்து நிற்கும். எல்லாம் சேர்த்த மதிப்பீட்டை எழுதிக் கேளுங்கள். மயக்க மருத்துவர் கட்டணத்தை அறுவை முடிந்து பணமாகக் கொடுக்கச் சொல்லும் சிறு மருத்துவமனைகள் உண்டு. அதற்கும் ரசீது கேளுங்கள். ஸ்கேன் வைத்து ஊசி போட்டால் கூடுதல் கட்டணமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தொகையைக் குறைக்கப் பேரம் பேசலாம். குழந்தைகளுக்கு அடிக்கடி மயக்கம் கொடுத்துப் பழகியவரை விட்டுவிட்டு, வேறொருவரால் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

4. தேதி குறிக்கும்போது

சளி, இருமல், மூக்கொழுகல் இருந்தால் அவசரமில்லாத அறுவையைத் தள்ளிவைப்பார்கள். மூச்சுக்குழாய் எரிச்சலில் இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் அது சட்டென்று இறுகிக்கொள்ளும். சளி விட்டபின்னும் இரண்டு முதல் நான்கு வாரம் பொறுக்கச் சொல்வது உண்டு. லீவு எடுத்தாயிற்று, ஊரிலிருந்து ஆட்களும் வந்துவிட்டார்கள் என்பதற்காகச் சளியை மறைக்காதீர்கள். முந்தின இரவு தொடங்கிய இருமலையும் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

தடுப்பூசி போட்ட கையோடு அறுவை வேண்டாம். ஊசியால் வரும் காய்ச்சலா, வேறு நோயா என்று குழப்பம் வரும். அதற்காகத் தடுப்பூசியை நீங்களாகத் தள்ளிப்போடவும் வேண்டாம், இரண்டு தேதிகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளையும் அதற்கு முன்பின் நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். கோரிப்பாளையத்தைச் சுற்றிப் பஸ் திருப்பிவிடப்படும், உள்ளூர் விடுமுறை வேறு. வீடு திரும்பிய குழந்தைக்கு ஏதாவது என்றால் அந்தக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ்கூட ஊர்ந்துதான் வரும். ஆனால், குடலிறக்கம் புடைத்து உள்ளே போகாமல் இறுகிக்கொண்டு குழந்தை அழுதுகொண்டே வாந்தி எடுத்தால் நாள், கிழமை எதுவும் பார்க்கக் கூடாது. அது அவசரம்.

5. மயக்க மருத்துவரை முன்னதாகவே பாருங்கள்

பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்றே தனி ஓ.பி. இருக்கிறது. சிறு மருத்துவமனைகளுக்கு மயக்க மருத்துவர் வெளியிலிருந்து வருவார், அன்று காலை அரங்கின் வாசலில்தான் முதல்முறை பார்ப்பீர்கள். அந்த இரண்டு நிமிடத்தில் எதுவும் நினைவுக்கு வராது. முந்தின நாளே பார்க்க முடியுமா, இல்லையென்றால் போனிலாவது பேச முடியுமா என்று கேளுங்கள். தயங்காமல் கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்கிறார்கள்.

அவரிடம் சொல்ல வேண்டியவை:

சிறு காயத்துக்கும் இரத்தம் நிற்காமல் கசிகிறதா, தாய்வழியில் யாருக்காவது அப்படி உண்டா என்பது முதலாவது. இரத்தம் உறையாத குறை இருந்தால் முதுகில் ஊசி போட மாட்டார்கள்.

முதுகின் அடியில் குழி, முடிக்கற்றை, மச்சம் போன்ற தடிப்பு இருந்தால் காட்டுங்கள். பார்க்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும், உள்ளே தண்டுவடம் வழக்கத்தைவிடக் கீழே கட்டுண்டு கிடக்கலாம். குளிப்பாட்டும் பாட்டிக்குத்தான் இதெல்லாம் தெரியும், அவரைக் கேளுங்கள். அதே இடத்தில் வேர்க்கட்டி, அரிப்புப் புண், டயப்பர் புண் இருந்தாலும் ஊசி போட முடியாது. மதுரை வெயிலில் மே மாதம் அறுவை வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

குடும்பத்தில் யாராவது மயக்க மருந்து கொடுத்தபின் நெடுநேரம் விழிக்காமல் கிடந்தார்களா, கடும் காய்ச்சல் கண்டார்களா, அரங்கிலேயே இறந்தார்களா என்று கேட்பார்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் இருபக்கமும் விசாரித்துவிட்டுப் போங்கள். சொந்தத்தில் திருமணம் என்பதையும் சொல்லிவிடுங்கள். சில பரம்பரைக் குறைகள் இப்படித்தான் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்கின்றன.

குறைமாதக் குழந்தை என்றால் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மயக்கத்துக்குப் பிறகு இவர்களுக்கு மூச்சு சற்று நின்று நின்று வரலாம் என்பதால் அன்று இரவு அங்கேயே வைத்துக் கண்காணிப்பார்கள். சில கைக்குழந்தைகளுக்கு மயக்கமே கொடுக்காமல் முதுகு ஊசியில் மட்டும் முடித்துவிடுவதும் உண்டு.

நாட்டு மருந்து, உரை மருந்து, ஹோமியோபதி எது கொடுத்தாலும் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று மறைப்பவர்கள்தான் அதிகம்.

கேட்க வேண்டியவை: என்ன மருந்து, எவ்வளவு நேரம் மரத்திருக்கும்? இதயத் துடிப்பு, ஆக்சிஜன், வெளிவிடும் கரியமில வாயு மூன்றையும் காட்டும் கருவி அரங்கில் இருக்கிறதா? மருந்து இரத்தத்தில் ஏறிவிட்டால் கொடுக்க 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் என்ற கொழுப்புக் கலவை கையிருப்பில் இருக்கிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் சிலர் நிமிர்ந்து பார்ப்பார்கள், பார்க்கட்டும். மருந்து அப்படி ஏறும்போது விழித்திருக்கும் பெரியவர் என்றால் “காது இரைகிறது, நாக்கில் இரும்புச் சுவை அடிக்கிறது” என்று சொல்லிவிடுவார். தூங்கும் குழந்தைக்குச் சொல்ல வாய் இல்லை. திரையில் ஓடும் இதயக் கோடுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

6. எடை

இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மரப்பு மருந்தின் அளவு முழுக்க எடைக் கணக்கு. அதிகம் பயன்படுத்தும் புபிவகெய்ன் மருந்துக்கு உச்ச வரம்பு ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். குடலிறக்கம் போன்ற அறுவைக்குக் காடல் ஊசியில் வழக்கமாகக் கொடுப்பது கிலோவுக்கு ஒரு மில்லி. 0.25 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 2.5 மில்லிகிராம் இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், வழக்கமான அளவே வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. எடையைக் கூட்டி எழுதினால் அந்தக் கூடுதல் முழுவதும் வரம்பைத் தாண்டியது. இதே மருந்து 0.5 சதவீதத்திலும் குப்பியில் வருகிறது, அதில் மருந்து இரட்டிப்பு. அதை நீர்த்துத்தான் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்குகளைப் போடுவது மருத்துவர் வேலை. அவர் கையில் சரியான எடையைக் கொடுப்பது நம் வேலை.

நாங்கள் போன ஒரு மருத்துவமனையில், சீட்டு எழுதிய பெண் தலை நிமிராமல் “எத்தனை கிலோ?” என்றார். “பன்னிரண்டு இருக்கும்” என்று பின்னாலிருந்து உறவினர் ஒருவர் சொல்ல, அப்படியே எழுதிக்கொண்டார். எடை எந்திரம் அதே அறையின் மூலையில் துணி மூடிய நிலையில் இருந்தது. துணியை எடுக்கச் சொல்லி, செருப்பையும் சட்டையையும் கழற்றி நிறுத்தியபோது 10.4. ஒன்றரைக் கிலோ வித்தியாசம் பெரியவருக்கு ஒன்றுமில்லை. அவனுக்கு அது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

அதனால் சேர்க்கும் அன்றைக்கே எடை போடச் சொல்லுங்கள். கிலோவில், புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தோடு, தேதியும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பழைய சீட்டில் உள்ள எடையைப் பார்த்து எழுத விடாதீர்கள். அரங்குக்குள் கொண்டுபோகும்போது மயக்க மருத்துவரிடம் வாய்விட்டே சொல்லுங்கள்: “டாக்டர், இன்று போட்ட எடை 10.4 கிலோ.” இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

கிளினிக்கில் வைத்துச் சுன்னத் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். மயக்கமில்லாமல் அந்த இடத்தில் மட்டும் ஊசி போடுவார்கள். குழந்தை அழுதால் இன்னும் கொஞ்சம், மறுபடியும் அழுதால் இன்னும் கொஞ்சம் என்று ஏற்றுவதில்தான் ஆபத்து. லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து என்றால் அட்ரினலின் கலக்காததைத்தான் அந்த இடத்தில் போட வேண்டும், அதன் உச்ச வரம்பு கிலோவுக்கு 5 மில்லிகிராம் அளவில். ஊசி வலிக்காமல் இருக்க முன்பே தடவும் களிம்பில் இருக்கும் ப்ரிலோகெய்னும் இந்தக் கணக்கில் சேரும்; ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்தக் களிம்பு ஆகாது.

7. பட்டினிக் கணக்கு

சோறு, இட்லி, பிஸ்கட், மாட்டுப்பால், பால்பொடிப் பால் ஆகியவற்றை அறுவைக்கு 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். தாய்ப்பால் 4 மணி நேரம். தெளிந்த நீர் 2 மணி நேரம். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்பதற்காகத்தான் இது. கஞ்சித் தண்ணீர், ஹார்லிக்ஸ், பால் கலந்த டீ எதுவும் தெளிந்த நீர் ஆகாது. “பாவம், பிள்ளை வாடிப்போய்விட்டான்” என்று வாசலில் ஒரு பிஸ்கட்டை யாராவது கொடுத்தால் அன்றைய அறுவை ரத்து. உடன் வரும் அத்தனை பேரிடமும் சொல்லி வையுங்கள்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. “இரவு பன்னிரண்டுக்கு மேல் ஒன்றும் கொடுக்காதீர்கள்” என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அறுவை மதியம் ஒரு மணிக்கு என்றால், அதுவரை தண்ணீர்கூட இல்லாமல் கிடக்கும் குழந்தை துவண்டுவிடும். பட்டியலில் எத்தனையாவது என்று கேளுங்கள். சிறு குழந்தைகளை முதலில் எடுப்பதுதான் வழக்கம். தள்ளிப்போனால் தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுக்கலாமா என்று செவிலியரிடம் அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருங்கள்.

8. அன்று காலை

நகைகளும் கயிறுகளும் வீட்டிலேயே கழன்றுவிட வேண்டும். இரத்தக் கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவியைப் பயன்படுத்துவார்கள் என்பதால் கொலுசு, வெள்ளி அரைஞாண், தாயத்து எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. அரைஞாண் கயிறு, அறுவை செய்யும் இடத்தின்மேலேயே கிடக்கும். அரங்கு வாசலில் செவிலியர் கத்தரிக்கோலை எடுத்ததும் எங்கள் அம்மா பதறிப்போனார்கள். முந்தின இரவே வீட்டில் அவிழ்த்துச் சாமி படத்தின் அடியில் வைத்திருந்தால் அந்தக் கலவரம் இல்லை. விரலில் மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம், ஆக்சிஜன் அளக்கும் கிளிப் அங்கேதான் மாட்டுவார்கள். முதுகிலும் இடுப்பிலும் எண்ணெய், பவுடர் பூசாதீர்கள்.

ஒப்புதல் படிவத்தில் மயக்கத்துக்கும் மரப்பு ஊசிக்கும் தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும். எந்தப் பக்கம் அறுவை என்பது வலமா இடமா என்று படித்துப் பார்த்துப் போடுங்கள்.

9. வெளியே வந்த பிறகு

காடல் ஊசியின் வேலை சுமார் 4 முதல் 6 மணி நேரம். வேறு மருந்து கலந்திருந்தால் இன்னும் நீளும். அதுவரை கால்கள் கனத்துக் கிடக்கலாம். விழித்த குழந்தை வலியில்லாததால் துள்ளி இறங்கப் பார்க்கும், நிற்க விடாதீர்கள். மரத்த இடத்தில் சூடு தெரியாது என்பதால் வெந்நீர் ஒத்தடம் கூடாது. உசிலம்பட்டிக்கோ மேலூருக்கோ இரு சக்கர வண்டியில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவது வேண்டவே வேண்டாம். தொங்கும் கால் சைலன்சரில் பட்டு வெந்தாலும் குழந்தை அழாது. ஆட்டோவோ காரோ பிடியுங்கள், அந்தச் செலவையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வலி மருந்தை வலி வந்தபின் தேடாதீர்கள். மரப்பு விடுவதற்கு முன்பே முதல் வேளை உள்ளே போயிருக்க வேண்டும், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாரசிட்டமால் சிரப் வாங்கும்போது பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால், 10.4 கிலோ குழந்தைக்கு முதல் பாட்டிலில் ஆறரை மில்லி, இரண்டாவதில் மூன்று மில்லிதான். கடைக்காரர் ஒன்றில்லை என்று மற்றதை மாற்றிக் கொடுத்தால் அளவும் மாற வேண்டும். ஸ்பூனால் ஊற்றாமல் ஊசிக்குழலில் அளந்து கொடுங்கள்.

10. எப்போது திரும்ப ஓடி வர வேண்டும்

மறுநாளும் கால் அசையவில்லை, உணர்ச்சி வரவில்லை, எட்டு மணி நேரமாகியும் சிறுநீர் போகவில்லை, வாந்தி நிற்கவில்லை, காய்ச்சலோடு முதுகில் ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கியிருக்கிறது, எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வலிப்பு வந்தாலோ மூச்சு திணறினாலோ 108.

டிஸ்சார்ஜ் தாளில் பெரும்பாலும் அறுவையின் பெயர் மட்டும்தான் இருக்கும். என்ன மயக்க மருந்து, என்ன மரப்பு மருந்து, எத்தனை மில்லி, ஏதாவது கோளாறு வந்ததா என்பதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மறுபக்கக் குடலிறக்கத்துக்கோ வேறு எதற்கோ அடுத்த முறை மயக்கம் கொடுப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.